கே.ஐ. கட்டுரையில் பாசிட்டிவிசம்: பாப்பரை எந்தப் பக்கம் நிறுத்துவது?

ஏ லெவல் முடிவுகள் வந்துவிட்டன, இப்போதுதான் மூச்சு விட முடிகிறது. அடுத்து கே.ஐ. (Knowledge and Inquiry, அறிவைப் பற்றி ஆராயும் சிங்கப்பூர் ஏ லெவல் பாடம்) எழுதப் போகும் தம்பி தங்கைகளுக்காகச் சூட்டோடு சூடாக இதை எழுதுகிறேன். தாளின் அமைப்பு உங்களுக்கே தெரியும்.

பாசிட்டிவிசம் என்பது அனுபவத்தால் சோதிக்க முடிவதே அறிவு என்ற கொள்கை. அதைத் தர்க்கத்தோடு இணைத்தது வியன்னா வட்டம், 1920களில் வியன்னாவில் கூடிய தத்துவ அறிஞர் குழு. இந்தக் கேள்வியில் மதிப்பெண் கரைவது அறிவியல் தத்துவவாதி கார்ல் பாப்பரிடம்தான். "சரிபார்க்க முடிவதற்கே பொருள் உண்டு என்றது வியன்னா வட்டம், பொய்ப்பிக்க முடிவதற்கே பொருள் உண்டு என்று பாப்பர் திருத்தினார்." இப்படி ஒரு வரி உங்கள் குறிப்பில் இருந்தால் இன்றே அடித்துவிடுங்கள். எந்த வாக்கியத்துக்குப் பொருள் உண்டு என்பது வட்டத்தாரின் கேள்வி. எது அறிவியல், எது அறிவியல் அல்ல என்பது பாப்பரின் கேள்வி. பொய்ப்பிக்க முடியாத கூற்று அவருக்கு அறிவியல் ஆகாது, ஆனால் பொருளற்றதும் ஆகாது. அணுக்கொள்கையே தத்துவ ஊகமாகத்தானே தொடங்கியது!

இதற்கு ஒரு காகம் போதும். "எல்லாக் காகமும் கறுப்பு": எத்தனை பார்த்தாலும் முழுதாகச் சரிபார்க்க முடியாது, ஒரு வெள்ளைக் காகம் வந்தால் பொய்யாகிவிடும். "எங்கோ ஒரு வெள்ளைக் காகம் உண்டு": ஒன்று கிடைத்தால் மெய், கிடைக்காவிட்டாலும் பொய் என்று சொல்ல வழியில்லை. அதையே "இந்த நிமிடம் பிடோக் பேருந்து நிலையத்தில்" என்று இடமும் நேரமும் கட்டிவிட்டால் பொய்ப்பிக்கவும் முடியும். இந்த மூன்றாவது வரியை எழுதுபவர்கள் குறைவு.

அடுத்தது, சரிபார்க்க முடிவதற்கே பொருள் உண்டு என்ற வட்டத்தாரின் நெறி மேல் விழும் அடி: "சரிபார்ப்பு நெறியையே எப்படிச் சரிபார்ப்பது?" அதோடு நிறுத்தினால் பாதிக் கட்டுரைதான். நெறி ஓர் உண்மைக் கூற்று அல்ல, மொழியை இப்படிப் பயன்படுத்தலாம் என்ற பரிந்துரை என்று, வட்டத்தாரில் ஒருவரான கார்னாப் வழியில் பதில் சொல்லலாம். பரிந்துரை மட்டும்தான் என்றால் எதிராளி அதை ஏன் ஏற்க வேண்டும்? இங்கேதான் உங்கள் சொந்த வாதம் தொடங்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக:

- கோம்ட் (19ஆம் நூற்றாண்டில் பாசிட்டிவிசத்தைத் தொடங்கியவர்): அறிவு கடக்கும் மூன்று நிலைகள் (சமயம், தத்துவம், அறிவியல்), இரண்டு வரி போதும். வியன்னா வட்டத்தின் தர்க்கத்தை அவர் தலையில் கட்டாதீர்கள். இடையே ஏறக்குறைய நூறாண்டு.
- ஏயர் (வட்டத்தின் கருத்தை ஆங்கிலத்தில் பரப்பியவர்), 1936: ஒரு கூற்று, துணைக் கூற்றோடு சேர்ந்து ஒரு கவனிப்புக் கூற்றைத் தந்தால் போதும், அதற்குப் பொருள் உண்டு என்றார். எந்த உளறலையும் எடுத்து, "அது மெய்யானால் இந்த மேசை பழுப்பு" என்று சேர்த்துப் பாருங்கள், உளறலும் தேறிவிடும். 1946-இல் திருத்தினார், 1949-இல் தர்க்கவியலாளர் அலோன்சோ சர்ச் அதையும் உடைத்தார்.
- குவைன் (அமெரிக்கத் தத்துவவாதி), 1951: லேபில் டைட்ரேஷன் (கரைசலின் செறிவை அளக்கும் சோதனை) விடை தப்பினால் வேதியியலையா கைவிடுகிறோம்? பியூரெட் என்ற அளவுக் குழாயைத்தான் சந்தேகிக்கிறோம். கூற்றுகள் தனித்தனியாகச் சோதனைக்குப் போவதில்லை. இந்த அடி பாப்பர் மேலும் விழும், அதனால் பாப்பருக்குப் பிறகே வையுங்கள்.
- தாமஸ் குன் (அறிவியல் வரலாற்றாளர், "அறிவியல் புரட்சிகளின் கட்டமைப்பு" நூலின் ஆசிரியர்), 1962: "பாசிட்டிவிசத்தை ஒரே வீச்சில் வீழ்த்தினார்" என்று எழுத வேண்டாம். அந்த நூல் வெளிவந்ததே வியன்னா வட்டத்தார் தொடங்கிய கலைக்களஞ்சிய வரிசையில். கார்னாப் அதை வரவேற்றார்.