ஃபீல்டை மாற்றிப் போட்டதும் பிடித்தது பிரேக்

நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றபின் நேற்று சாயங்காலம் ஒருவழியாக சீரிஸ் மோட்டார் பிரேக் பிடித்தது. காந்தப்புலம் தரும் ஃபீல்டு சுருளும் சுழலும் ஆர்மேச்சர் சுருளும் ஒரே தொடரில் இருப்பதுதான் சீரிஸ் மோட்டார். ஓடும் மோட்டாரையே ஜெனரேட்டராக்கி, வரும் மின்சாரத்தை மின்தடையில் சூடாக்கி நிறுத்துவதுதான் இந்த பிரேக். மோட்டாரில் மாட்டிய 18 கிலோ இரும்பு வட்டு நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடிக்கொண்டிருக்க, கான்டாக்டர் (மின்காந்த சுவிட்ச்) 'டக்' என்று விழுந்ததும் மேசை ஒரு குலுக்குக் குலுக்கியது. கிளாம்ப் மீட்டரில் 60 ஆம்பியர்! சும்மா விட்டால் நிற்க ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் வட்டு அது.

மோட்டார், பழைய பேட்டரி டிரக்கில் இருந்து கழற்றிய 24 வோல்ட் பம்ப் மோட்டார். நான் 12 வோல்ட்தான் கொடுக்கிறேன், அதுவும் 1500 வந்ததும் வெட்டிவிடுகிறேன். சுமையில்லாத சீரிஸ் மோட்டாரை நம்பக் கூடாது, வேகம் கட்டுக்கடங்காமல் ஏறிவிடும்.

பெர்மனென்ட் மேக்னட் (நிரந்தரக் காந்த) மோட்டாரில் இந்தப் பாடே இல்லை. முனைகளுக்குக் குறுக்கே மின்தடையைப் போட்டால் பிடித்துக்கொள்ளும். இங்கே ஃபீல்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் துளி எஞ்சிய காந்தத்தை வைத்துத்தான் ஜெனரேட்டரே கிளம்ப வேண்டும். சப்ளையை வெட்டி, வளையத்தை மின்தடையோடு மூடினேன். அசைவே இல்லை. பிரஷ் மேல் சந்தேகப்பட்டுப் புதிது போட்டேன். பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரை உப்புத்தாளால் தேய்த்தேன். இரண்டு ஞாயிறு இதிலேயே போனது.

மல்டிமீட்டரை 2 வோல்ட் ரேஞ்சில் வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. வட்டு சுற்றும்போது ஆர்மேச்சர் மட்டும் 0.6 வோல்ட் காட்டியது. ஃபீல்டைச் சேர்த்து வளையத்தை மூடினால் ஏற வேண்டியது, 0.2-க்கு இறங்கியது. ஜெனரேட்டராக மாறும்போது ஆர்மேச்சரில் மின்னோட்டம் திசை திரும்புகிறது. ஃபீல்டு பழைய இணைப்பிலேயே இருந்தால் அதிலும் எதிர்த்திசையில் பாய்ந்து, இருக்கிற காந்தத்தையும் துடைத்துவிடும். ஃபீல்டின் முனைகளான எஸ்1, எஸ்2 இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். நான் செய்த புத்திசாலித்தனம், கூடவே ஆர்மேச்சர் முனைகளான ஏ1, ஏ2-வையும் மாற்றியது. இரண்டையும் மாற்றினால் ஒன்றையும் மாற்றாததற்குச் சமம். மூன்றாவது ஞாயிறும் காலி.

ஃபீல்டை மட்டும் மாற்றியபின்னும் தயங்கியது. அதற்குள் எஞ்சிய காந்தம் நொந்து போயிருந்தது. 12 வோல்ட்டோடு ஒரு ஹெட்லைட் பல்பைத் தொடரில் வைத்து ஃபீல்டுக்கு ஒரு நொடி காட்டினேன். பல்பு இல்லாமல் தொடாதீர்கள், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்.

மின்தடைக்கு முதலில் நிக்ரோம் கம்பி வாங்கினேன். விற்றவர் சொன்ன தடிமனுக்கும் வந்த கம்பிக்கும் சம்பந்தமே இல்லை. கடைசியில் கைகொடுத்தது பார்சல் பெட்டி கட்டும் இரும்புப் பட்டைதான்: 16 மில்லிமீட்டர் அகலம், அரை மில்லிமீட்டர் கனம், 16 மீட்டர் நீளம். ஏறத்தாழ 0.3 ஓம். செங்கல் மேல் வளைத்து வளைத்துப் போட்டிருக்கிறேன், பத்து முறை நிறுத்தியும் கை வைக்க முடிகிறது. இதற்கு முன் 1 ஓம் போட்டுப் பார்த்தபோது துளிகூடப் பிடிக்கவில்லை. அந்த வேகத்துக்கான எல்லைத் தடையை, அதாவது ஜெனரேட்டர் கிளம்ப விடும் உச்சத் தடையை, தாண்டிவிட்டது.

அந்த எல்லை வேகத்தோடு சேர்ந்து இறங்குகிறது என்பதுதான் அடுத்த தலைவலி. 1000 சுற்றுக்கு வந்ததும் பிரேக் சட்டென்று கைவிட்டுவிடுகிறது. பட்டையில் 6 மீட்டரில் ஒரு டேப் (இடை இணைப்பு) எடுத்து இரண்டாவது கான்டாக்டரால் தடையைக் குறைத்தால் 500 வரை இழுக்கும் என்று கணக்கு. அதற்குக் கீழே மரக்கட்டை பிரேக்தான். ரயிலிலும் கடைசி நடைக்குக் காற்று பிரேக்கைத்தானே கூப்பிடுகிறார்கள்.

எதிர்மின்னோட்டம் கொடுத்து நிறுத்தும் பிளக்கிங்கையும் ஒரே ஒரு தடவை பார்த்தேன். சப்ளையும், சுற்றும் மோட்டார் தானே உண்டாக்கும் பின்னழுத்தமும் கூடிக்கொண்டு பிரஷ்ஷில் நீலப் பொறி பறந்தது, வட்டு நின்று மறுபக்கம் சுற்றவும் ஆரம்பித்தது. வேண்டாம் சாமி.

பேட்டரிக்கே மின்சாரத்தைத் திருப்பும் ஆசை இருக்கிறது. சீரிஸ் ஃபீல்டை வைத்துக்கொண்டு அது நிலைகொள்ளாது, ரயில் எஞ்சின்களில் பிரேக்கின்போது செய்வதுபோல ஃபீல்டுக்குத் தனியாக ஊட்ட வேண்டும். குறைந்த வோல்ட், நிறைய ஆம்பியர் தரும் ஒரு சாப்பர் (மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி அளவைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) பாதி சால்டர் ஆகிக் கிடக்கிறது. டேப் வேலையை முடிக்காமல் அதைத் தொடக் கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று இரவு அதன் ஹீட்சிங்கில் துளை போட்டுக்கொண்டிருந்தேன்.