சால்வை யாருக்கு?

கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்தில் மாற்றுத்திறனாளிகள் போட்டி நடந்தால், பார்வையற்றோர் ஓட்டத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். வீரரையும் வழிகாட்டியையும் ஒரு சின்னக் கயிறு இணைக்கும். அதே வேகம், அதே காலடி. ஆனால் முடிவுக் கோட்டை வீரர்தான் முதலில் தொட வேண்டும். வழிகாட்டி முந்தினால் தகுதி நீக்கம்! பாராலிம்பிக்கில் அந்த வழிகாட்டிக்கும் பதக்கம் உண்டு. 2024 பாரிஸில் இந்திய ஓட்ட வீராங்கனை சிம்ரன் 200 மீட்டரில் வெண்கலம் வென்றபோது கூடவே ஓடியவர் அபய் சிங்.

நம்மூர் மேடைகளில்? சால்வை எல்லாம் முன்வரிசைக்கே போய்விடுகிறது (கடலூர் வெயிலில் சால்வை எதற்கு என்பது வேறு கதை). வீசிய ஈட்டியைப் பொறுக்கி வந்து தரும் கல்லூரிப் பிள்ளைகளையும், சொந்தக் காசில் ஷூ வாங்கித் தரும் கோச்களையும் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். சிறப்பு விருந்தினர் அப்புறம் பேசட்டும்.