சக்‌ஷன் யாருடைய வேலை?

கனடாவின் ஒன்ராறியோவில் ஆர்.பி.என். என்ற டிப்ளோமாத் தாதிப் படிப்பை முடிக்கும் எங்கள் ஆட்கள் பலர் முதலில் போய்ச் சேருவது முதியோர் இல்லத்துக்குத்தான். எனக்கு ஸ்காபரோவில் ஒரு வைத்தியசாலையின் நீண்டகாலப் பராமரிப்புப் பிரிவில் இடம் கிடைத்தது. அங்கே பலருக்கு மூச்சு விடக் கழுத்தில் துளையிட்டு வைத்த ட்ரக்கியோஸ்டமிக் குழாய், சிலருக்கு மூச்சுக் கொடுக்கும் மெஷினான வென்டிலேட்டர். இரண்டு வருட டிப்ளோமாவில் அந்தக் குழாயைப் பொம்மையில் தொட்டதோடு சரி.

இப்படியான நோயாளியைத் தனியாகப் பொறுப்பெடுக்க முன், சுவாச சிகிச்சையாளர் ஒருவரோடு நின்று பழகி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஆர்.டி. என்றுதான் அவர்களைச் சொல்வோம். எது அவர் வேலை, எது என் வேலை என்ற குழப்பம் அங்கே தொடங்கியது. தாதியருக்கும் ஆர்.டி.க்கும் 1991இல் தனித்தனிச் சட்டம் வந்திருந்தாலும், கோடு போட்டுப் பிரித்த மாதிரி எதுவும் இல்லை. குழாய்க்குள் சளியை உறிஞ்சி எடுக்க, அதாவது சக்‌ஷன் செய்ய இரண்டு பேருக்கும் அனுமதி உண்டு, மருந்தை மூச்சு வழியாகக் கொடுக்கவும் உண்டு. மிச்சத்தை வைத்தியசாலையின் விதியும் நோயாளியின் நிலையும்தான் தீர்மானிக்கும். நிலை சீராக இருப்பவரை ஆர்.பி.என். பார்க்கலாம், நிலை மணிக்கு மணி மாறுகிறது என்றால் கூடுதல் படிப்புள்ள தாதியான ஆர்.என். கைக்குப் போக வேண்டும்.

எனக்குக் கிடைத்த ஆர்.டி. அதிகம் பேசாத மனிதர். சளி உறிஞ்சும் மெல்லிய குழாயான கதீற்றரை முதலில் தொடவே விடவில்லை. கட்டிலடியைச் சரிபார்க்கச் சொன்னார்: அதே அளவில் ஒரு மாற்றுக் குழாய், ஓர் அளவு சின்னதாக இன்னொன்று, குழாயை உள்ளே செலுத்த உதவும் அந்தச் சின்னக் கம்பி, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு (Ambu) பை. அப்புறம்தான் சக்‌ஷன். மணிக்கூட்டைப் பார்த்துச் செய்யக் கூடாது, நெஞ்சு கொரகொரவென்றால் செய்ய வேண்டும். முதலில் ஒட்சிசன் கொடுத்து, கதீற்றரை உறிஞ்சாமல் உள்ளே விட்டு, உறிஞ்சிக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும். எல்லாம் 15 செக்கனுக்குள். சளியை இளக்கவென்று உப்பு நீர் விடும் பழைய பழக்கம் இப்போது வழக்கத்தில் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் கருவி 84 சதவீதம் காட்டினால், பதறுமுன் அந்த விரல் குளிர்ந்து கிடக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

உண்மையான சிக்கல், மருந்தை மூச்சோடு இழுக்கப் புகைபோல ஆக்கும் நெபுலைசரில்தான். ஆர்.டி. தன் சுற்றில், மூச்சுக்குழாயை விரிக்கும், இதயத் துடிப்பையும் கூட்டக்கூடிய சல்பியூட்டமோல் கொடுத்துவிட்டுத் தன்னுடைய பதிவில் எழுதிவிட்டுப் போவார். மருந்துத் தாளில் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கும். அதைப் பார்க்கும் தாதி திரும்பவும் கொடுக்கப் போவார். இதயத் துடிப்பு ஏற்கெனவே கூடியிருக்கும் ஒருவருக்கு இது விளையாட்டில்லை. யார் கொடுத்தாலும் மருந்துத் தாளிலேயே கையெழுத்து என்று எங்கள் பிரிவில் பேசி முடிவெடுத்த பிறகுதான் நிம்மதி. இந்தச் சின்ன விஷயத்துக்கு இரண்டு பக்க மேலாளர்களும் எத்தனை ஈமெயில் அனுப்பினார்கள் என்பது வேறு கதை.

ஒட்சிசனும் அப்படித்தான். சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள ஒருவருக்கு இரத்த ஒட்சிசனை 88 முதல் 92 சதவீதம் வரை வைத்திருக்கும்படி கட்டளை இருந்தால், அதற்குள் நிற்கும்படி ஒட்சிசன் லீற்றரைக் கூட்டிக் குறைப்பது என் வேலை. திடீரென்று இரண்டு லீற்றர் நான்காக வேண்டி வந்தால், கூட்டிவிட்டுப் பேசாமல் இருக்க முடியாது. ஏன் என்று பார்த்து ஆர்.டி.யையும் வைத்தியரையும் கூப்பிட வேண்டும்.

வென்டிலேட்டரின் அமைப்புகளை மாற்றுவது, நாடியில் இரத்தம் எடுப்பது, கழுத்துக் குழாயை மாற்றுவது எல்லாம் எங்கள் பிரிவில் ஆர்.டி.யின் பொறுப்பு. ஆனால் அலாரம் அடித்தால் முதலில் ஓடுவது நான். இரவில் கட்டடம் முழுக்கவும் ஒரே ஆர்.டி., அவர் அவசரப் பிரிவில் நின்றால் உடனே வர முடியாது. அதற்குள் மெஷினை விட்டுவிட்டு ஆளைப் பார்க்க வேண்டும். குழாய் கழன்றதா, சளி அடைத்ததா என்று பார்த்து, ஒன்றும் பிடிபடவில்லை என்றால் அம்பு பையால் மூச்சுக் கொடுத்துக்கொண்டே உதவிக்குக் கூப்பிட வேண்டும். இதைச் செய்து காட்டிய பிறகுதான் அவர் தாளில் கையெழுத்து வைத்தார்.

"இவ்வளவும் செய்கிறாய், ஆர்.டி.யாகவே படிக்கலாமே" என்று வீட்டில் கேட்கிறார்கள். அது தனியாக மூன்று வருடப் படிப்பு. எனக்கு இப்போதைக்கு அந்த யோசனை இல்லை.