பழைய சுரங்கக் குழியை வரைபடத்தில் கண்டுபிடிப்பது

இங்கிலாந்தின் டர்ஹாம் நிலக்கரிப் பகுதியில் பழைய குழிகளைத் தேடுபவர்கள் முதலில் எடுக்க வேண்டியது பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 25 அங்குல வரைபடம். ஒரு மைலை ஏறத்தாழ 25 அங்குலத்தில் காட்டுவதால் அந்தப் பெயர், அளவு 1:2500. தாளில் 1 மில்லிமீட்டர் என்றால் தரையில் இரண்டரை மீட்டர். 6 அங்குல வரைபடத்தில் அதே மில்லிமீட்டர் பத்தரை மீட்டராகிவிடும். குழி உண்டா இல்லையா என்று பார்க்க அது போதும், கடப்பாரையை எங்கே போடுவது என்று சொல்லப் போதாது. 25 அங்குல அளவைப் பணி 1850களில் தொடங்கியதே டர்ஹாமில்தான். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்துத் தாள்களையும் இலவசமாகப் பார்க்கலாம்.

தாளின் ஓரத்தைப் படிக்காமல் உள்ளே போகாதீர்கள். அளந்த ஆண்டு, திருத்திய ஆண்டு, வெளியான ஆண்டு எல்லாம் வேறு வேறு. டர்ஹாமின் ஈசிங்டன் என்ற ஊரில் 1899இல்தான் குழி தோண்டத் தொடங்கினார்கள். 1890களின் பதிப்பில் அங்கே வயலும் பண்ணை வீடும் மட்டுமே இருக்கும். அடுத்த பதிப்பில் சுரங்கம், தண்டவாளம், வரிசை வீடுகள் என்று ஓர் ஊரே முளைத்திருக்கும்.

'ஓல்ட் கோல் பிட்' (பழைய நிலக்கரிக் குழி) என்று அச்சிட்டிருந்தால் அளவையாளர் வந்தபோதே அது கைவிடப்பட்டிருந்தது என்று பொருள். அவர் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டுமே வரைந்தார். அதற்கு முன்பே மூடி உழுதுவிட்ட குழி தாளில் இருக்காது. வயல் நடுவே காரணமில்லாமல் நிற்கும் வட்டமான மரத்தோப்பு, எங்கும் போய்ச் சேராமல் முடியும் வண்டிப்பாதை, நேராக வந்து திடீரென்று வளையும் வேலி: இவற்றைத் தேடுங்கள். குழி பெரும்பாலும் அங்கேதான்.

நிலத்தடிக்கு வேறு ஆவணம் வேண்டும். கைவிட்ட சுரங்கத்தின் வரைபடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1872ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. அதற்கு முந்தையவற்றில் பல தொலைந்தே போயின. இதன் விலை உயிர். 1973 மார்ச்சில் யார்க்‌ஷயரின் லாஃப்ட்ஹவுஸ் சுரங்கத்தில், 19ஆம் நூற்றாண்டின் பழைய வேலையிடத்தில் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு வந்து 7 பேர் இறந்தார்கள். அந்தப் பழைய குழி நினைத்ததைவிட ஆழமானது என்பது ஒரு நிலவியல் குறிப்பேட்டில் எழுதியே இருந்தது. யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

சுரங்க வரைபடத்தை 25 அங்குலத் தாளின் மேல் பொருத்தும்போதுதான் அதிகம் தவறு நடக்கிறது. வடகிழக்கில் அவை பெரும்பாலும் அங்குலத்துக்கு 2 செயின் (ஒரு செயின் 66 அடி), அதாவது 1:1584. அளவை மாற்றுவது எளிது, திசைதான் சிக்கல். பழைய வரைபடங்களில் வடக்கு என்பது காந்த ஊசி காட்டிய வடக்கு, அது ஆண்டுதோறும் நகர்கிறது. லண்டனில் 1818 வாக்கில் மேற்கே 24 பாகைக்கு மேல் விலகியிருந்த ஊசி, 1900இல் 16 பாகை அளவுக்குத் திரும்பிவிட்டது. 8 பாகை தவறினால் 500 மீட்டர் தள்ளி உள்ள சுரங்கப் பாதை 70 மீட்டர் இடம் மாறிவிடும், வேறொருவர் வீட்டுக்கு அடியில்.

எனவே அம்புக்குறியை நம்ப வேண்டாம். இரண்டு வரைபடங்களிலும் இருக்கும் இரண்டு ஷாஃப்டுகளை, அதாவது செங்குத்தாக இறங்கும் குழிகளை, எடுத்துப் பொருத்துங்கள், மூன்றாவதை வைத்துச் சரிபாருங்கள். மூன்றாவது விலகினால், தாள் சுருங்கியிருக்கலாம். அல்லது பல ஆண்டுகளின் அளவைகளை ஒரே தாளில் ஊசியைத் திருத்தாமல் சேர்த்திருக்கலாம். ஒவ்வொரு பகுதியிலும் எழுதியிருக்கும் தேதியைப் பார்த்து, அதைத் தனியாகத் திருப்பிப் பொருத்துங்கள்.