ஆலிவர் கானைப் பார்க்க சால்ட் லேக்கில் பட்ட பாடு

2008 மே 27. ஜெர்மன் கால்பந்து அணி பேயர்ன் மியூனிக்குடன் அதன் கோல்கீப்பர் ஆலிவர் கானின் கடைசிப் பயணம். கொல்கத்தா அணியான மோகன் பகானுக்கு எதிரான ஆட்டம், இடம் கொல்கத்தா சால்ட் லேக் மைதானம். அதே ஊரில் லேக் மார்க்கெட்டில் குடியிருந்த எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த டிக்கெட்டை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கவுன்ட்டரில் இருந்தவர் "நாளைக்கு வாங்க தாதா" (வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன்) என்று அலுக்காமல் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். மறுநாள் போனால், மலிவு டிக்கெட் தீர்ந்துவிட்டதாம். ஆனால் பக்கத்து டீக்கடை ஓரத்தில் ஒருவன் கத்தையாக வைத்துக்கொண்டு இரண்டு மடங்கு விலை சொல்கிறான்! எனக்குப் பின்னால் நின்ற மோகன் பகான் பெரியவர் ஒருவர் வங்காளத்தில் பிடித்த பிடியில், இல்லாத டிக்கெட் மேஜை டிராயரிலிருந்து வெளியே வந்தது. எனக்கும் ஒன்று கிடைத்தது. இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

இத்தனை பாடு எதற்கு என்றால், 2002 உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்காக. பிரேசிலின் ரிவால்டோ அடித்த பந்து கானின் கையிலிருந்து நழுவ, ரொனால்டோ உள்ளே தள்ளினார். ஆட்டம் முடிந்து கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாரே, அந்த மனிதரை நேரில் பார்க்க வேண்டும். 2001 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மூன்று பெனால்டிகளைத் தடுத்தவர் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான்.

ஆட்டத்தன்று பைபாஸ் சாலையில் பஸ் நகரவே இல்லை. இறங்கி நடந்தேன். கேட்டில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிப் போட்டார்கள். மே மாதக் கொல்கத்தாப் புழுக்கத்தில்! உள்ளே தண்ணீர் பாக்கெட் சொன்னதுதான் விலை. டிக்கெட்டில் இருந்த இருக்கை எண்ணை யாரும் சட்டை செய்யவில்லை. அங்கே போகிறவர்கள் சீக்கிரம் போங்கள், வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு.

பேயர்ன் 3-0 என்று ஜெயித்தது. இரண்டாம் பாதியில் கான் வெளியேற, மைக்கேல் ரென்சிங் உள்ளே வந்தார். லட்சத்துக்கு மேல் கூட்டம். எதிரணி கோல்கீப்பருக்கு மோகன் பகான்காரர்கள் எழுந்து நின்று தட்டிய கைத்தட்டலுக்காக அந்தக் கவுன்ட்டர்காரரைக்கூடப் பாதி மன்னிக்கலாம்.

திரும்பும்போது டாக்சிக்காரர்கள் கேட்ட காசுக்கு உல்டாடாங்கா வரை நடப்பதே மேல் என்று நடந்தேன். இப்போது போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, 2020 முதல் மெட்ரோ அங்கேயே நிற்கிறது.

செப்டம்பரில் மியூனிக்கில் கானுக்காகத் தனியாக ஒரு விடைபெறும் ஆட்டம் வைத்தார்கள். அதற்கு டிக்கெட் எந்த டிராயரில் இருந்ததோ!