ஃப்ளைட்: விமானத்தை விட அந்தக் குட்டி பாட்டில்தான் பயமுறுத்தியது

2012-இல் ராபர்ட் ஸெமெக்கிஸ் எடுத்த 'ஃப்ளைட்' படத்தில் எல்லோரும் பேசுவது, குடிக்கு அடிமையான விமானி ஒருவர் விமானத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து ஓட்டி 102 பேரில் 96 பேரைக் காப்பாற்றும் காட்சியைத்தான். சரி, பிரமாதம்தான். ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த ஹோட்டல் அறை. மறுநாள் விபத்து பற்றிய விசாரணை, அறையில் ஒரு சொட்டு மதுகூட இல்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள், நடுராத்திரியில் பக்கத்து அறைக்கதவு பூட்டாமல் கிடக்க, அந்த விமானியாக நடிக்கும் டென்சல் வாஷிங்டன் உள்ளே போய் ஃப்ரிட்ஜைத் திறக்கிறார். ஒரு குட்டி பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டு மேலேயே வைத்துவிடுகிறார். அப்பாடா என்று நாம் மூச்சு விடும்போது ஒரு கை வந்து லபக்கென்று எடுத்துக்கொண்டு போகிறது. வசனமே கிடையாது! அவருடைய நண்பராக ஜான் குட்மேன் வரும் நகைச்சுவைதான் எனக்கு ஒட்டவில்லை. போதையில் கிடப்பவனைக் கொக்கெய்ன் கொடுத்து எழுப்புவதைப் பார்த்துச் சிரிக்கவா முடியும்?