ஸ்டூவர்ட் பேச்சை நிறுத்தும் இடம்: ஒரு தரவரிசை நாட்குறிப்பு

03.11.2024, ஞாயிறு

ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் 1935இல் எம்ஜிஎம் ஸ்டுடியோவின் ஒப்பந்தத்தோடு திரைக்கு வந்தார். முழுநீளப் படங்கள் மட்டும் சுமார் 80 தேறும். அத்தனையையும் வரிசையில் நிறுத்துவது வீண் உழைப்பு. ஐம்பதாவது படத்துக்கும் ஐம்பத்தொன்றாவது படத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. எனவே 20 படங்களை முதலில் பிரித்தெடுத்து, அவற்றிலிருந்து 12 படங்களுக்கு மட்டும் இடம் தருவதாகத் திட்டம். கதையின் முடிவுகளும் பேசப்படும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் முறை இங்கே உதவாது. நல்ல படம் எல்லாம் 85இலிருந்து 90க்குள் போய் நெருக்கிக்கொள்ளும். முதல் வாரம் போட்ட 88ம் மூன்றாம் வாரம் போட்ட 88ம் ஒரே அளவுகோலில் வந்தவையும் அல்ல. அதைவிட அட்டை முறை மேல். படத்துக்கு ஒரு அட்டை. புதிய அட்டையை வரிசையின் நடுவில் இருக்கும் அட்டையோடு ஒப்பிட வேண்டும். மேல் என்றால் மேல் பாதியின் நடு அட்டை, கீழ் என்றால் கீழ்ப் பாதியின் நடு அட்டை. 20 அட்டை இருந்தாலும் நாலைந்து ஒப்பீட்டில் இடம் கிடைத்துவிடும். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் மோதவிட்டால் 190 ஜோடி. பாதி வழியிலேயே கை ஓய்ந்துவிடும்.

06.11.2024, புதன்

எதை ஒப்பிடுகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் வரிசை குழம்பிவிடும். பெரும்பாலான பட்டியல்கள் படத்தின் பெருமையை நடிகர் கணக்கில் எழுதிவிடுகின்றன. ‘ரோப்’ (1948) இதற்கு நல்ல உதாரணம். 80 நிமிடம், மொத்தம் பத்துப் பதினொரு ஷாட்தான். கேமராவில் 1000 அடி ஃபிலிம்தான் கொள்ளும். அது பத்து நிமிடச் சொச்சத்தில் தீர்ந்துவிடும் என்பதால் இயக்குநர் ஹிட்ச்காக் அதற்கேற்ப வெட்டில்லாமல் எடுத்தார். தொழில்நுட்பத்துக்காகப் பார்க்க வேண்டிய படம். ஆனால் ஸ்டூவர்ட் அதில் கேமராவின் பாதைக்கு வழிவிட்டு நகர்வதிலேயே பாதிக் கவனத்தைச் செலவிடுகிறார். மாணவர்களுக்கு விபரீதமான தத்துவம் போதித்த ஆசிரியர் என்ற வேடமும் அவருக்கு ஒட்டவில்லை. அட்டை கீழே போயிற்று.

வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பேச்சு நின்ற பிறகு அவர் என்ன செய்கிறார்?

மிமிக்ரி செய்பவர்கள் எல்லாரும் பிடித்துக்கொள்வது அவருடைய இழுவையையும் திக்கலையும்தான். அது அவருடைய சட்டை மாதிரி. சட்டையைக் கழற்றிவிட்டுப் பார்த்தால்தான் ஆள் தெரிவார்.

09.11.2024, சனி

இன்று படம் எதுவும் இல்லை, பிரதிகளைச் சரிபார்த்தல் மட்டும். தவறான பிரதியைப் பார்த்துவிட்டு இடம் கொடுத்தால் அந்த இடமே தவறு.

முதல் சிக்கல் வேகம். ஃபிலிமில் நொடிக்கு 24 சட்டகம். ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்காகச் செய்த பழைய டிவிடிகளில் அது 25ஆக ஓடும். 128 நிமிட ‘வெர்டிகோ’ 123 நிமிடத்தில் முடிந்தால் காரணம் இதுதான், காட்சி எதுவும் வெட்டுப்படவில்லை. 4 சதவீதம்தானே என்று விட முடியாது. குரலின் சுருதி கொஞ்சம் ஏறிவிடும், ஸ்டூவர்ட்டின் தயக்கங்கள் சுருங்கிவிடும். அந்தத் தயக்கங்களில்தான் அவருடைய நடிப்பே இருக்கிறது.

அடுத்தது சட்டகத்தின் அகலம். ‘த மேன் ஃப்ரம் லாரமி’ (1955) சினிமாஸ்கோப். அகலம் உயரத்தைப் போல் 2.55 மடங்கு. பழைய டிவிக்காக 1.33க்கு வெட்டிய பிரதியில் கிட்டத்தட்ட பாதிப் படம் காணாமல் போகும். ‘த நேக்கட் ஸ்பர்’ (1953) இதற்கு நேர்மாறு. அது 1.37, அகன்ற திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும். பட்டை உறுத்துகிறதே என்று டிவியில் ‘ஜூம்’ போட்டால் தலையும் காலும் போய்விடும்.

‘வெர்டிகோ’வுக்கு இன்னொரு எச்சரிக்கை. ராபர்ட் ஹாரிஸும் ஜேம்ஸ் காட்ஸும் 1996இல் செய்த மீட்டெடுப்பில் படம் அருமையாக வந்தது. ஆனால் காலடி ஓசை, துப்பாக்கிச் சத்தம் போன்றவற்றைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். பழைய மோனோ ஒலித்தடமும் உள்ள வட்டு கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய காலடிச் சத்தம் காட்சியை விட ஒரு படி முன்னால் வந்து நிற்கிறது.

‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ (1946) கறுப்பு வெள்ளை, 130 நிமிடம். வண்ணம் பூசிய பிரதியைத் தொடவே வேண்டாம். ஸ்டூவர்ட்டே அதை வெளிப்படையாக எதிர்த்தவர்.

10.11.2024, ஞாயிறு

போருக்கு முந்தைய ஸ்டூவர்ட்.

‘த ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி’ (1940) அவருக்குக் கிடைத்த ஒரே சிறந்த நடிகர் ஆஸ்கார். அந்தச் சிலையைத் தன் தந்தையின் இரும்புச் சாமான் கடைக்கு அனுப்பிவைத்தார். பல வருடம் கடை ஜன்னலில் இருந்தது. படம் வேகமானது, பேச்சு பளபளப்பானது. குடிபோதையில் கேரி கிராண்ட் வீட்டுக்குப் போகும் காட்சியில் ஸ்டூவர்ட் சொல்லாமல் கொள்ளாமல் விக்கலைச் சேர்க்க, கிராண்ட் அதே பாத்திரமாக நின்று பதில் கொடுத்து காட்சியைக் காப்பாற்றுவார். ரசிக்கலாம். ஆனால் நம் கேள்விக்கு இந்தப் படத்தில் பதிலே இல்லை, ஏனென்றால் பேச்சு நிற்பதே இல்லை. இடம் 11.

‘மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்’ (1939) முழுக்கப் பேச்சுதான், ஆனால் அது தேய்ந்துகொண்டே போகிற பேச்சு. செனட்டில் மணிக்கணக்காக நின்று பேசிக் குரல் கட்டிப்போவதைக் காட்ட, மருத்துவரை வைத்துத் தொண்டையில் பாதரச மருந்து தடவிக்கொண்டார். சொற்கள் உடைந்து காற்றாக வரத் தொடங்கும் கடைசிப் பகுதிக்காகவே 7. முதல் ஒரு மணி நேரத்தின் வெகுளித்தனம் கொஞ்சம் கூடுதல்.

இந்தக் காலகட்டத்தில் எல்லாவற்றுக்கும் மேல் நிற்பது இயக்குநர் லூபிட்ஷின் ‘த ஷாப் அரவுண்ட் த கார்னர்’ (1940). புடாபெஸ்ட் கடை ஒன்றில் வேலை பார்க்கும் இருவர், முகம் தெரியாமல் கடிதத்தில் காதலிக்கிறார்கள். காபிக் கடையில் அவருக்கு உண்மை தெரிந்துவிட்டது, மார்கரெட் சல்லவனுக்குத் தெரியாது. வெறும் குமாஸ்தா என்று அவள் எடுத்தெறிந்து பேசுகிறாள். இந்த இடத்தில் மட்டும் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். கோபம் முகத்தில் எழுந்து, பாதியிலேயே வேறொன்றாக மாறும். இவள்தான் நமக்கு அந்தக் கடிதங்களை எழுதியவள் என்ற நினைப்பு கோபத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிறகு எழுந்து போய்விடுகிறார். அவ்வளவுதான். 4.

14.11.2024, வியாழன்

‘ஹார்வி’ (1950): 12. கண்ணுக்குத் தெரியாத முயலோடு பேசும்போது பார்வை விழும் உயரம் காட்சிக்குக் காட்சி மாறாமல் இருக்கிறது. வேலை சுத்தம், இனிமையும் உண்டு. ஆழம் போதவில்லை.

‘த ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்’ (1957): வெளியே. 25 வயது லிண்ட்பெர்க்காக 47 வயதில் நடித்தார். ஒப்பனையும் முடிச் சாயமும் விமானத்துக்குள் நெருக்கக் காட்சியில் நிற்கவில்லை.

17.11.2024, ஞாயிறு

ஸ்டூவர்ட் போரில் பி-24 குண்டுவீச்சு விமானத்தில் 20 தாக்குதல் பயணங்கள் போய், கர்னலாகத் திரும்பியவர். திரும்பி வந்தவரின் முகத்தில் புதிதாக ஒரு கடுமை சேர்ந்திருந்தது. அதை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டவர் இயக்குநர் ஆந்தனி மான். இருவரும் சேர்ந்தது எட்டுப் படங்கள், அதில் ஐந்து வெஸ்டர்ன். இந்த ஐந்தையும் அடுத்தடுத்து பார்க்கக் கூடாது. மலையும் பழிவாங்கலும் ஒன்றோடொன்று கலந்து, கடைசியாகப் பார்த்தது எதுவோ அதற்கு அதிக இடம் கிடைத்துவிடும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் வேறு இயக்குநர் படம் ஒன்றாவது போட வேண்டும்.

‘வின்செஸ்டர் 73’ (1950), மதுக்கடை முகப்பில் டான் டுரியாவின் கையை முறுக்கித் தலையை மேசையோடு அழுத்தும் நொடி. அதுவரை சாந்தமாக இருந்த ஆளின் கண் பிதுங்கி, பல் தெரிகிறது. இதே ஆள்தான் மிஸ்டர் ஸ்மித்தா என்று கேட்க வைக்கும். 8. சம்பளத்துக்குப் பதில் லாபத்தில் பங்கு என்று அவருடைய முகவர் லூ வாஸர்மன் பேசி முடித்ததும் இந்தப் படத்துக்குத்தான். நட்சத்திரச் சம்பளத்தின் கணக்கே அதன் பிறகு மாறியது.

‘த மேன் ஃப்ரம் லாரமி’: கையைப் பிடித்து வைத்து, உள்ளங்கையில் அருகிலிருந்து சுடுகிறார்கள். வலியை விட அவமானத்தை அவர் காட்டுவது பெரிது. 10.

‘த நேக்கட் ஸ்பர்’ பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். படத்தில் முக்கியப் பாத்திரங்கள் ஐந்தே பேர், 91 நிமிடம், கொலராடோ மலைகள். 5000 டாலர் பரிசுக்காக ஒருவனைத் தேடிப் பிடிக்கும் ஹோவர்ட் கெம்ப். இழந்த நிலத்தை அந்தப் பணத்தில் திரும்ப வாங்க வேண்டும் அவனுக்கு. கடைசியில் அந்த ஆளின் பிணத்தை ஆற்றிலிருந்து இழுத்துக் குதிரையில் ஏற்றும்போது, கூட வந்த பெண்ணான ஜேனட் லீ மறுக்கவில்லை. உன்னோடு வருகிறேன் என்கிறாள். அவள் தடுத்திருந்தால் அவன் சண்டை போட்டிருப்பான். சம்மதம் கிடைத்ததும்தான் உடைகிறான். அந்த அழுகையை ஸ்டூவர்ட் அழகாக்கவே இல்லை. வாய் கோணுகிறது, மூச்சு சீராக வரவில்லை. பிறகு பிணத்தை இறக்கிப் புதைக்கத் தொடங்குகிறான். 3.

23.11.2024, சனி

‘ரியர் விண்டோ’ (1954). பாரமவுண்ட் 18ஆம் தளத்தில் 31 வீடுகள் கொண்ட முற்றத்தை அப்படியே கட்டினார்கள். காலில் மாவுக்கட்டோடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு நடிக்கக் கிடைத்தது இடுப்புக்கு மேல் மட்டுமே. கிரேஸ் கெல்லி எதிர்வீட்டில் மாட்டிக்கொள்ளும்போது நாற்காலியின் கைப்பிடியில் அவர் துடிப்பதைப் பாருங்கள். ஆனாலும் அவருடைய பார்வைக்குப் பொருள் கொடுப்பதில் பெரும்பங்கு படத்தொகுப்புக்கு. படமாக இது இரண்டாவதோ மூன்றாவதோ, நடிப்பாக 6.

‘அனாடமி ஆஃப் எ மர்டர்’ (1959). 160 நிமிடம், மிச்சிகனிலேயே படப்பிடிப்பு, டியூக் எலிங்டன் இசை, நீதிபதி வேடத்தில் நிஜ வக்கீல் ஜோசஃப் வெல்ச். நம் கேள்விக்கு இது விதிவிலக்கு. இங்கே பேச்சு நிற்காது, நிற்கவும் கூடாது. வக்கீல் பீக்லரின் ஆத்திரம், தடுமாற்றம், வெகுளித்தனம் எல்லாமே ஜூரிக்காகப் போடும் வேடம். இருபது வருடமாகத் தன் அடையாளமாக இருந்த அந்தப் பேச்சை ஸ்டூவர்ட் ஒரு கருவியாக எடுத்து மேசை மேல் வைத்துக் காட்டுகிறார். விதியை உடைத்ததற்காகவே 5.

‘த மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்’ (1962) 9. இளம் வக்கீலாக 53 வயதுக்காரரை ஏற்பது சிரமம்தான். ஆனால் முழுக் கதையும் கிழவர் சொல்லும் நினைவு என்பதால் அந்தச் சிரமத்தைப் படம் தாங்கிக்கொள்கிறது.

24.11.2024, ஞாயிறு

மிச்சம் இரண்டு அட்டை. மூன்று வாரமாக ‘வெர்டிகோ’ மேலே இருந்தது. 2012இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் சினிமா இதழின் வாக்கெடுப்பில் ‘சிட்டிசன் கேன்’ படத்தைக் கீழே இறக்கிய படம். 2022இல் இரண்டாம் இடம். எம்பயர் ஹோட்டல் அறையில், பச்சை நியான் ஒளிக்குள்ளிருந்து கிம் நோவாக் இறந்தவளின் கோலத்தில் நடந்து வரும்போது ஸ்டூவர்ட்டின் கண் நனைகிறது, உதடு அசையவில்லை. ஆசையும் பயமும் ஒரே பார்வையில். இதற்கு மேல் என்ன வேண்டும்?

அதனால்தான் ‘வொண்டர்ஃபுல் லைஃப்’ படத்தின் மூன்று இடங்களை மட்டும் திரும்ப ஓட்டிப் பார்த்தல்.

ஒன்று, ரயில் நிலையம். தம்பி படித்து முடித்து வந்துவிட்டான், இனி ஊரை விட்டுப் போகலாம் என்று காத்திருந்த ஜார்ஜிடம் (ஸ்டூவர்ட்டின் பாத்திரம்), தம்பிக்குத் தன் அப்பா வேலை கொடுக்கிறார் என்று புது மனைவி சொல்கிறாள். கேமரா ஸ்டூவர்ட்டின் முகத்தோடு நெருக்கமாக நகர்கிறது. வசனம் இல்லை. ஒரு மனிதனின் வருங்காலம் சில நொடியில் மூடிப்போய், அதன் மேல் ஒரு புன்னகையும் வந்துவிடுகிறது.

இரண்டு, மதுக்கடையில் பிரார்த்தனை. திட்டமிடாமல் கண்ணீர் வந்துவிட்டது. இயக்குநர் காப்ராவிடம் அதற்கு நெருக்கக் காட்சி இல்லை. எடுத்த ஷாட்டையே லேபில் சட்டகம் சட்டகமாகப் பெரிதாக்கினார். அந்த இடத்தில் ஃபிலிமின் துகள் கொஞ்சம் கூடித் தெரியும். உன்னிப்பாகப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம்.

மூன்று, வீட்டில் மகள் பியானோ வாசித்துக்கொண்டிருக்க, மூலையில் வைத்திருந்த பாலம், கட்டட மாதிரிகளை உதைத்து உடைக்கும் காட்சி. உடைத்த பிறகு குடும்பம் மொத்தமும் அவரையே பார்க்கிறது. அவர் நிற்கும் விதத்தில் வெட்கம் தெரிகிறது. மான் படங்களின் வெறி இங்கேயே தொடங்கிவிட்டது. ‘வெர்டிகோ’வில் அவர் நடித்த ஸ்காட்டியின் பித்துக்கும் விதை இங்கேதான். லூபிட்ஷ் படத்தின் அந்த மௌனமும் இதே முகத்தில் இருக்கிறது.

‘வெர்டிகோ’வில் அவர் ஒரு ஆழத்துக்குள் இறங்குகிறார். இந்தப் படத்தில் இறங்குவதும் ஏறுவதும் ஒரே ஆள், 130 நிமிடத்துக்குள். அட்டைகள் இடம் மாறின.

01.12.2024, ஞாயிறு

ஒரு வாரம் ஆறப்போட்ட பிறகு கடைசிச் சோதனை: பன்னிரண்டு அட்டைகளையும் கலைத்துவிட்டு, பழைய வரிசையைப் பார்க்காமல் மறுபடி அடுக்குதல். ‘லாரமி’யும் ‘லிபர்ட்டி வேலன்ஸ்’ஸும் ஒன்பதாம் பத்தாம் இடங்களை மாற்றிக்கொண்டன, அவை எப்போது அடுக்கினாலும் மாறும் போலிருக்கிறது. ‘த ஷாப் அரவுண்ட் த கார்னர்’ மூன்றுக்கு ஏறி ‘நேக்கட் ஸ்பர்’ நான்குக்கு இறங்கியது. கடைசிக் காட்சியில் கால் கோணல் இல்லை என்று காட்ட ஸ்டூவர்ட் கால்சட்டையைத் தூக்கி நிற்பதைத் திரும்பப் பார்த்தபின் அதை மறுக்க வழியில்லை. முதல் இரண்டு அசையவில்லை.